மைனாவோடு எண்பது கிலோமீட்டர்

தெய்வசிகாமணி ஈரோட்டில் முப்பத்து நான்கு வருடம் ரயில் இஞ்சின் ஓட்டியவர். வேலையில் இருந்தபோதே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போய்க் குதிரை ஏறப் பழகியிருந்தார். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் மனைவியிடம், குதிரையில் நெடுந்தூரம் போக வேண்டும் என்றார்.

மனைவி மயிலாத்தாள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"எவ்வளவு தூரமுங்க?"

"எண்பது கிலோமீட்டர். ஒரே நாள்ல."

"பஸ் இருக்குதுங்களே," என்றாள். பிறகு, "போயிட்டு வாங்க. விழுந்துராதீங்க," என்றாள்.

பள்ளப்பட்டிக்குப் பக்கத்தில், முருங்கைத் தோட்டங்களுக்கு நடுவே ஜுலைகா ஒரு குதிரைப் பண்ணை நடத்திவந்தாள். வயது முப்பத்திரண்டு. நெடுந்தூரப் பந்தயத்துக்குக் குதிரையையும் ஆளையும் சேர்த்துத் தயார் செய்வதில் அவளுக்குப் பெயர் இருந்தது. அதிகம் பேசமாட்டாள் என்றும் பெயர் இருந்தது.

சிகாமணி போய் நின்றபோது அவள் ஒரு குதிரையின் குளம்பை மடியில் வைத்து, அதில் ஒட்டியிருந்த மண்ணைக் கொக்கியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். வந்த விஷயத்தை அவர் சொன்னார். அவள் நிமிராமலே கேட்டுக்கொண்டாள். எழுந்துபோய் ஒரு செவலைக் குதிரையை அழைத்துவந்து கட்டி, அதன் முன்னால் கொள்ளும் தவிடும் வைத்தாள்.

"இவ பேரு மைனா. பாத்துட்டு இருங்கண்ணா. வந்தர்றேன்."

அவள் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. சிகாமணி அதே இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"தொட்டுப் பாக்கலீங்களா?"

"சாப்பிட்டுட்டு இருக்குதுங்களே அம்மணி. முடிக்கட்டும்னு நிக்கிறேன்."

"ஆள் யாரும் இல்லை. போரடிக்கலீங்களா?"

"சிக்னல் விழற வரைக்கும் நிக்கிறது எனக்குப் பழக்கமுங்க."

ஜுலைகா முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நாளையில இருந்து வாங்க," என்றாள்.

அந்தப் பந்தயத்தின் விதி எளிது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி மாலை நான்கு மணிக்குள் எண்பது கிலோமீட்டரை முடிக்க வேண்டும். இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை கால்நடை மருத்துவர் குதிரையைச் சோதிப்பார். வந்து சேர்ந்த இருபது நிமிடத்துக்குள் அதன் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு அறுபத்து நான்காகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் அந்தக் குதிரைக்குப் பந்தயம் அங்கேயே முடிந்தது. எவ்வளவு வேகமாக வந்திருந்தாலும் சரி.

மைனா இரண்டு பந்தயங்களுக்குப் போயிருந்தாள். இரண்டிலும் மூன்றாவது நிறுத்தத்தில் துடிப்பு இறங்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டார்கள். மைனாவின் உரிமையாளர் பல்லடத்தில் இருந்தார். இன்னொரு முறை இப்படி ஆனால் கல்யாண ஊர்வலங்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

"ஊர்வலத்துக்குத்தானுங்களே," என்றார் சிகாமணி. "மெதுவா நடந்தாப் போதும். நல்லா இருக்குமே."

ஜுலைகா பக்கத்தில் கிடந்த தகர மூடியை எடுத்துக் கீழே போட்டாள். மைனா நான்கு காலும் தரையில் நிற்காமல் துள்ளினாள். விலா நடுங்கியது. அடங்க வெகு நேரம் பிடித்தது.

சிகாமணி அந்த மூடியை எடுத்து, ஓசைப்படாமல் வைக்கோலின் மேல் வைத்தார்.

முதல் மாதம் அவர் மைனாவின் மேல் ஏறவே இல்லை. காலையில் வந்ததும் முன்னங்கால் மூட்டுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நிற்கும்போது முப்பத்தெட்டு. நடந்து வந்தால் ஐம்பத்து நான்கு. ஏற்றம் ஏறி வந்தால் தொண்ணூறு. பிறகு ஈறை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்துவிட்டால் உடனே படிகிறதா என்று பார்க்க வேண்டும். மடிந்து நின்றால் உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

"எப்பங்க ஏறலாம்?" என்று பத்தாம் நாள் கேட்டார்.

"இன்னைக்குத் துடிப்பு எத்தனைங்கண்ணா?"

"நாப்பத்தி நாலு."

"நேத்து?"

"முப்பத்தெட்டு."

"ஏன் கூடியிருக்குது?"

சிகாமணி மைனாவைச் சுற்றிவந்தார். ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தார். பின்னங்கால் குளம்பில், லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே ஒரு கருவேல முள் ஏறியிருந்தது. எடுத்தார்.

"நாளைக்கு ஏறுவோமுங்களா?" என்றார்.

"முள்ளு ஆறட்டுமுங்க," என்றாள் ஜுலைகா.

ஆடி மாதக் காற்று வீசத் தொடங்கியபோது ஏறினார். மைனாவின் நடை அவருக்குப் பிடித்துப்போயிற்று. தோட்டங்களுக்கு நடுவே வண்டித் தடத்தில் போனால் முருங்கைப் பூ தலையில் உதிர்ந்தது. மூன்றாவது வாரம் ஒருநாள், ஜுலைகா மெதுவாகப் போகச் சொன்ன இருபது கிலோமீட்டரை அவர் விரட்டிப் போய்விட்டு வந்தார். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"சரியா ஒரு மணி நேரம் அம்மணி!"

"சந்தோஷமுங்கண்ணா. இறங்கிக் கை வைங்க."

வைத்தார். நூற்றுப் பத்து. பத்து நிமிடம் கழித்துத் தொண்ணூறு. தண்ணீர் ஊற்றினார், துணியால் துடைத்தார், மர நிழலில் நடத்தினார். எண்பத்து நான்கு. எழுபத்தாறு. மைனா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். சிகாமணி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தார்.

அறுபத்து நான்குக்கு வந்ததும் ஜுலைகா கேட்டாள்.

"இறங்கி எவ்வளவு நேரமாச்சுங்க?"

"நாப்பது நிமிஷம்."

"அப்ப இருபது கிலோமீட்டரை எவ்வளவு நேரத்துல வந்தீங்க?"

அவர் ஒரு மணி நேரத்தோடு நாற்பது நிமிடத்தையும் கூட்டிப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

அதற்குப் பிறகு மெதுவாகப் போனார். மெதுவாகப் போவதற்கும் ஒரு திறமை வேண்டும் என்று தெரிந்தது. இறக்கத்தில் இறங்கி மைனாவோடு நடந்தார். அதற்கு அவருடைய மூட்டு ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓடிப் பழகினார். ஈரோட்டுத் தெருவில் அவர் ஓடுவதைப் பார்த்து, "சார், எந்த வண்டியப் புடிக்கிறீங்க?" என்று பழைய கூட்டாளிகள் கேட்டார்கள். மயிலாத்தாள் ராகிக் களி கிண்டிக் கொடுத்தாள். எட்டு கிலோ குறைந்தது.

புரட்டாசியில் நாற்பது கிலோமீட்டர் போய்வந்தார். துடிப்பு பதினொரு நிமிடத்தில் இறங்கிவிட்டது. அவருக்கு நிம்மதி. சேணத்தை இறக்கியபோது ஜுலைகா அதன் அடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து உதறி, வெயிலில் பிடித்துக் காட்டினாள். துணி முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. இடது பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்திருந்தது.

"அங்க மட்டும் ஏனுங்க வேர்க்கலை?"

"அழுந்தியிருக்குதுங்கண்ணா. அழுந்தின இடத்துல வேர்க்காது. இப்படியே போனா புண்ணாயிரும்."

"சேணம் சரியில்லீங்களா?"

ஜுலைகா இரண்டு வாளிகளைத் தொட்டியில் முக்கித் தளும்பத் தளும்ப நிரப்பினாள். ஒவ்வொரு கையிலும் ஒன்றைக் கொடுத்து, கொட்டாமல் லாயம் வரைக்கும் கொண்டுபோகச் சொன்னாள். கொண்டுபோய் இறக்கினார். வலது கை வாளியில் தண்ணீர் அப்படியே இருந்தது. இடது கை வாளி முக்கால்தான் இருந்தது.

சிகாமணி தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்தார். இஞ்சினில் ஓட்டுநர் இருக்கை இடது பக்கம். முப்பத்து நான்கு வருடம் அந்தப் பக்கத்து ஜன்னலில் சாய்ந்து சாய்ந்து சிக்னல் பார்த்த உடம்பு.

"இது எனக்குத் தெரியவே தெரியாதுங்க அம்மணி. எந்த டாக்டரும் சொன்னதில்லை."

"அவ முதுகுல எழுதியிருக்குதுங்க," என்றாள் ஜுலைகா.

அன்று முதல் குதிரைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். இரண்டு வாளியிலும் ஒரே அளவு நிற்க ஐந்து வாரம் ஆயிற்று.

ஒருநாள் இருவரும் நங்காஞ்சி ஆற்று மணலில் போனார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை. ஜுலைகா தன் குதிரையில், சிகாமணி மைனாவின் மேல். அவள் அன்று வழக்கத்துக்கு மாறாகக் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, இந்த வயசுல எதுக்குங்க குதிரை?"

"ரயிலுக்கு பிரேக் போட்டா உடனே நிக்காதுங்க அம்மணி. முக்கால் கிலோமீட்டர் போயித்தான் நிக்கும். ஒருக்கா தண்டவாளத்துல நாலு எருமைங்க. ஹார்ன் அடிச்சேன், பிரேக்கப் புடிச்சேன். அதுக்கு மேல நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்லை. உக்காந்து பாக்கோணும். அவ்வளவுதான். இப்படி எத்தனையோ தடவை." அவர் மைனாவின் பிடரியைக் கையால் கோதினார். "நான் நில்லுன்னா நிக்கிற ஒண்ணுல ஏறிப் போகோணும்னு தோணுச்சுங்க."

ஜுலைகா தன் குதிரையை நிறுத்தினாள்.

"கடிவாளத்தை விட்டுருங்கண்ணா. கையை மடியில வைங்க. இப்ப மூச்சை முழுசா வெளிய விடுங்க."

விட்டார். தோள் இறங்கியது. உடம்பு சேணத்தில் அமர்ந்தது. மைனா இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடி வைக்காமல் நின்றாள்.

சிகாமணி குழந்தை போலச் சிரித்தார். மறுபடி நடக்கவிட்டு மறுபடி நிறுத்தினார். ஆறு தடவை செய்து பார்த்தார். ஏழாவது தடவை மைனா காதைப் பின்னால் மடக்கினாள்.

"போதுமுங்க. கோவிச்சுக்குவா," என்றாள் ஜுலைகா.

திரும்பும் வழியில் சிகாமணி, "இவ்வளவு நல்ல பொண்ணு," என்றார். "ரெண்டு பந்தயத்துல இவளைக் கெடுத்தது யாருங்க? எந்த அவசரக்காரனுங்க ஓட்டுனது?"

"நான்தானுங்கண்ணா."

சிகாமணி திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ரெண்டு தடவையும் நான்தான் ஓட்டினேன். முத தடவை மூணாவது இடத்துல போயிட்டு இருந்தோம். ரெண்டாவது தடவை ரெண்டாவது இடம்." அவள் குரலில் மாற்றம் இல்லை. "முன்னால ஒரு குதிரை போனா என்னால பொறுக்க முடியறதில்லீங்க. அது அவளுக்குத் தெரியும். அதனாலதான் நான் இவ மேல ஏறறதில்லை."

பந்தயம் மாசியில் நடந்தது. மூலனூர்ப் பக்கம் பெரிய மேட்டுக் காடு. இருபத்தாறு குதிரைகள். சரியாக ஆறு மணிக்குக் கொடி அசைந்தது. அத்தனையும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன. மைனா கழுத்தை வளைத்து, பல்லுக்கு நடுவே கடிவாளத்தைக் கவ்விக்கொண்டு அவற்றின் பின்னால் பாயப் பார்த்தாள். சிகாமணி இழுக்கவில்லை. மூச்சை வெளியே விட்டார். ஒருமுறை, இருமுறை. மைனா தலையை உதறினாள். ஓட்டம் துள்ளு நடையாக இறங்கியது. புழுதி அடங்கியபோது அவர்களுக்கு முன்னால் யாரும் தெரியவில்லை. பின்னாலும் யாரும் இல்லை.

முதல் நிறுத்தத்தில் ஒன்பது நிமிடத்தில் துடிப்பு இறங்கியது. இரண்டாவதில் பத்து நிமிடம். ஜுலைகா மைனாவின் கழுத்தில் தண்ணீர் ஊற்றினாள், உப்பும் வெல்லமும் கரைத்துக் கொடுத்தாள், கால்களைத் தடவிப் பார்த்தாள். அதற்குள் எட்டுக் குதிரைகளை மருத்துவர் நிறுத்திவிட்டார்.

மூன்றாவது நிறுத்தத்துக்கு வந்தபோது மணி ஒன்று இருபது. வெயில் கொளுத்தியது. அது மைனா இரண்டு முறையும் தோற்ற நிறுத்தம். இறங்கியதும் சிகாமணி எண்ணிப் பார்த்தார். எழுபத்தாறு. தண்ணீர் ஊற்றினார்கள். ஐந்து நிமிடம் கழித்து எழுபத்து நான்கு. பத்து நிமிடம் கழித்தும் எழுபத்து நான்கு.

பையில் இருந்த கடிகாரத்தை அவர் எப்போதோ கையில் எடுத்திருந்தார். கயிற்றை ஒரு கையிலும் கடிகாரத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு மைனாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இறங்குடி சாமி. இறங்கு. இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்குது. ஊர்வலத்துக்குப் போயிராத. இறங்கு." மைனா அவர் போகிற பக்கமெல்லாம் காதைத் திருப்பினாள். எழுபத்தாறு.

மருத்துவர் எபினேசர் ஸ்டெதாஸ்கோப்போடு வந்தார். "என்னம்மா, பாக்கட்டுமா? ஒருக்கா பாத்து இறங்கலைன்னா இன்னும் ஒரு வாய்ப்புதான்."

"கொஞ்சம் அதைக் குடுங்க டாக்டர்," என்றாள் ஜுலைகா.

வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டாள். மைனாவின் பக்கம் போகவில்லை. சிகாமணியின் முன்னால் வந்து நின்று, அவர் நெஞ்சில் வைத்தாள்.

சிகாமணி அப்படியே நின்றார். மருத்துவர் சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அரை நிமிடம் எண்ணினாள்.

"நூத்தி இருவத்தி நாலுங்கண்ணா."

அவள் ஸ்டெதாஸ்கோப்பை மருத்துவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"காலையில இருந்து என்ன குடிச்சீங்க?"

யோசித்தார். மைனாவுக்கு எப்போது, எவ்வளவு கொடுத்தார் என்று ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது. தான் குடித்ததாக எதுவும் ஞாபகம் வரவில்லை.

ஜுலைகா கடிகாரத்தை வாங்கிக்கொண்டாள். உப்புப் போட்ட மோர் ஒரு செம்பு கொடுத்தாள். "கயிறு உங்ககிட்டயே இருக்கட்டும். நிழல்ல உக்காருங்க. மெல்லக் குடிங்க."

வேலமரத்து நிழலில் அவர் உட்கார்ந்தார். மோரைக் குடித்தார். கண்ணை மூடினார். மூச்சு ஒவ்வொன்றாக நீண்டது. தலைக்கு மேலே மைனாவின் மூச்சு கேட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டில் எது தன்னுடையது என்று கவனிப்பதை விட்டுவிட்டார். மைனா ஒரு பின்னங்காலை மடக்கி இளைப்பாற நின்றாள். கீழுதடு தளர்ந்து தொங்கியது.

"இப்பப் பாருங்க டாக்டர்," என்றாள் ஜுலைகா.

மருத்துவர் எண்ணினார். மணி பார்த்தார். பதினெட்டாவது நிமிடம்.

"அறுபத்தி ரெண்டு. போகலாம்."

சிகாமணி கண்ணைத் திறந்து ஜுலைகாவைப் பார்த்தார். அவள் கையில் கடிகாரம் இருந்தது. நீட்டினாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் அம்மணி," என்றார்.

கடைசிச் சுற்றில் பதினாறு குதிரைகள்தான் இருந்தன. சிகாமணிதான் பதினாறாவது. பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் ஒரு தோட்டத்து ஓரத்தில் சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர். மைனா தானாகவே திரும்பினாள். குடிக்கத் தொடங்கினாள்.

பின்னால் குளம்புச் சத்தம். தடம் மாறிப்போய்ப் பின்தங்கியிருந்த ஒருவர் வேகமாக வந்தார். முப்பது வயது இருக்கும். குதிரையை நிறுத்தாமலே கத்தினார்.

"சார், மணி மூணாச்சு! இன்னும் எட்டு கிலோமீட்டர்! இழுத்துட்டு வாங்க சார், வெளிய போட்டுருவாங்க!"

"வர்றேன் தம்பி. நீங்க போங்க."

புழுதி அடங்கியது. மைனா குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டைக்குள் ஒவ்வொரு மடக்காக இறங்குவது வெளியே தெரிந்தது. நிமிர்ந்தாள். வாயிலிருந்து தண்ணீர் ஒழுகச் சுற்றிலும் பார்த்தாள். மறுபடி குனிந்தாள். சிகாமணியின் கை கடிவாளத்தில் இருந்தது. ஒரு இழு இழுத்தால் வந்துவிடுவாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இறங்கி, அதே தொட்டியில் தன் தலையையும் நனைத்துக்கொண்டார். ஜுலைகா புட்டியில் ஊற்றிக் கொடுத்திருந்த மோரைக் குடித்தார்.

மைனா தானாகத் தலையைத் தூக்கிப் பெருமூச்சு விட்டபோது பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

அடுத்து அரை கிலோமீட்டர் ஆழமான மணல். அதில் அவர் ஏறவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார், பிறகு ஓடினார். மணலைத் தாண்டிக் கெட்டித் தரை வந்ததும் ஏறினார். மைனா காதை முன்னால் நிமிர்த்தினாள். அவர் ஒன்றும் கேட்காமலே துள்ளு நடையில் இறங்கினாள். ஒரே சீரான நடை. எங்கேயும் கூடவில்லை, எங்கேயும் குறையவில்லை. நேரம் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. காற்று எதிரில் வந்தது. சிகாமணிக்குத் தன்னை அறியாமல் பாட்டு வந்தது. சத்தமாகவே பாடிக்கொண்டு போனார்.

முடிவுக் கோட்டைத் தாண்டியபோது நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கைதட்டக் கூட யாரும் இல்லை. பரிசெல்லாம் அறிவித்து முடித்திருந்தார்கள். எபினேசர் மட்டும் நாற்காலியைவிட்டு எழுந்து வந்தார். துடிப்பு பத்து நிமிடத்தில் ஐம்பத்தெட்டு. முதுகை அழுத்தினார். மைனா அசையவில்லை. கயிற்றைப் பிடித்து ஓட்டிக் காட்டச் சொன்னார். சிகாமணி மைனாவோடு ஓடினார். நொண்டவில்லை, இருவரும்.

"முடிச்சவங்க பதினாலு," என்று மருத்துவர் சீட்டில் கையெழுத்துப் போட்டார். "பதினாலாவது மைனா."

சிகாமணியைப் பார்த்துக் கத்திய அந்த ஆளின் குதிரை அரை மணிக்கு முன்னால் வந்திருந்தது. துடிப்பு இறங்காமல் போய், ஓரமாக அதற்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதன் பக்கத்தில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். சிகாமணி போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தார்.

ஜுலைகா பல்லடத்துக்குப் போன் செய்தாள். எத்தனையாவது என்று உரிமையாளர் கேட்டார். கடைசி என்றாள். பிறகு, "முழுசா முடிச்சுட்டாளா?" என்று கேட்டார். முடித்துவிட்டாள் என்றாள். "சரி, ஊர்வலத்துக்கு வேற குதிரை பாத்துக்கச் சொல்றேன்," என்றார் அவர்.

சிகாமணி மைனாவின் கால்களுக்கு ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தார். சீட்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நான் எப்படி ஓட்டினேனுங்க அம்மணி?"

"நாளைக்குச் சொல்றேனுங்கண்ணா."

"டாக்டர்தான் கையெழுத்துப் போட்டாச்சுங்களே."

"அது இன்னைக்குங்க," என்றாள் ஜுலைகா.

மறுநாள் காலை சிகாமணி படி இறங்க முடியாமல் இறங்கினார். தொடை இரண்டும் கட்டை போல இருந்தன. மயிலாத்தாள் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துவிட்டு, "இன்னைக்குமா?" என்றாள். "ஒரு பதில் வாங்கோணும்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

பண்ணையில் குதிரைகள் மேய்ச்சலில் இருந்தன. ஆறு குதிரைகள், கொழுக்கட்டைப் புல் வளர்ந்த காட்டின் மறுகோடியில். ஜுலைகா மைனாவின் சேணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கும் ஏறறதுங்களா? பாவமுங்க அம்மணி. வேண்டாமுங்க."

"ஏற வேண்டாங்கண்ணா. எடுத்துட்டுப் போயி நடுவுல நில்லுங்க. கூப்பிடாதீங்க. கையில ஒண்ணும் கொண்டுபோகாதீங்க."

அவர் கம்பி வேலியைத் தாண்டிப் போய்க் காட்டின் நடுவில் நின்றார். சேணத்தைக் கண்டதும் இரண்டு குதிரைகள் மறுபக்கம் திரும்பிக்கொண்டு விலகிப் போயின. மைனா தலையைத் தூக்கினாள். அவரைப் பார்த்தாள். அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள். குனிந்து மேய ஆரம்பித்தாள்.

சிகாமணி நேற்றுக் காலையிலிருந்து அவளுக்கு எங்கெங்கே வலித்திருக்கும் என்று ஒவ்வொரு கிலோமீட்டராக நினைத்துப் பார்த்தார். மணலில் இறங்கினேனே. கொடி அசைந்தபோது வாயை இழுத்துவிட்டேனோ. மூன்றாவது நிறுத்தத்தில் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து தொந்தரவு செய்தேன். கூப்பிட நாக்கு எழுந்தது. கூப்பிடவில்லை. சேணம் கனத்தது. நின்றார்.

வெயில் ஏறியது. மைனா ஒரு கொத்துப் புல்லைக் கடித்தாள், மென்றுகொண்டே நிமிர்ந்தாள். மற்ற குதிரைகளை விட்டு ஓர் அடி வைத்தாள். இன்னொரு அடி. நேற்றைய அலுப்பு பின்னங்கால்களில் தெரிந்தது. அவசரமே இல்லாமல், காட்டின் மறுகோடியிலிருந்து நேராக நடந்து வந்தாள். வந்து சேணத்தை மோந்தாள். பிறகு அதன் மேலேயே தாடையை வைத்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

சிகாமணி அசையவில்லை. கை வலித்தும் அசையவில்லை.

வெகு நேரம் கழித்து அவர் வேலிப் பக்கம் திரும்பினார். மைனா பின்னாலேயே வந்தாள். ஜுலைகா அங்கே சாய்ந்து நின்றிருந்தாள்.

"நேத்துக் கேட்டேனுங்களே அம்மணி," என்றார். "நாளைக்குச் சொல்றேன்னீங்க."

ஜுலைகா அவர் கையிலிருந்து சேணத்தை வாங்கிக்கொண்டாள்.

"நான் சொல்றதுக்கு என்னங்கண்ணா இருக்குது? அவதான் வந்துட்டாளே."